இடது பக்கமா வா

அக்காவை நினைத்தால் முதலில் பயம்தான் வரும். பாசமெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

ஓசூரில் நான் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையில் அவர் பிரஸ் ஷாப் லைன் லீடர். தகடுகளை அச்சில் வைத்து அடிக்கும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் கூடம் அது. உள்ளே நுழைந்தால் நம் பேச்சு நமக்கே கேட்காது. நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவள், ஊரில் யாரையும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையில் விடுதி அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பயந்துதான் ஒரு சைக்கிள் குழுவில் சேர்ந்தேன். அங்கே போய்ப் பார்த்தால் அக்கா நிற்கிறார். நாற்பதைத் தாண்டிய, குட்டையான, அகன்ற தோள் கொண்ட பெண். சுடிதாருக்கு மேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் ஹெல்மெட். பெங்களூரில் யாரோ விற்றுவிட்டுப் போன கிராவல் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். பந்தய சைக்கிள் போல வளைந்த கைப்பிடி, ஆனால் மண்ணிலும் ஜல்லியிலும் ஓடுவதற்கேற்ற தடித்த டயர்.

எங்கள் குழு லாரிகளுக்குப் பயந்து தார்ச்சாலைப் பக்கமே போகாது. தருமபுரிப் பக்கமிருந்து ஓசூருக்கு அந்தக் காலத்தில் ஒரு சின்ன ரயில் ஓடியதாம். தண்டவாளத்தை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள், மேடு மட்டும் இருக்கிறது. சில இடங்களில் தக்காளித் தோட்டம் அதைத் தின்றுவிட்டது. சில இடங்களில் வீட்டுமனை போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். ராயக்கோட்டையைச் சுற்றிக் குன்றுகளுக்கு நடுவே மட்டும் இன்னும் துண்டு துண்டாகக் கிடைக்கும். ரயிலுக்காகப் போட்ட மேடு என்பதால் ஏறுவதே தெரியாமல் ஏறும். பாறையை வெட்டிய பள்ளங்களுக்குள் நுழைந்து, ஓடைகள் மீது கட்டிய கல்பாலங்களைத் தாண்டிப் போகும். நாங்கள் அதில்தான் ஓட்டுவோம்.

அக்கா எப்போதும் முதல் ஆள். யாரையும் முந்த விடமாட்டார். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் திரும்பமாட்டார். டீக்கு நிற்கும்போது எதைச் சொன்னாலும், "அதான்" என்பார். "இன்னிக்கி வெயிலு அதிகம்க்கா" என்றால், "அதான்." "அடுத்த வாரம் எனக்கு லீவு இல்லக்கா" என்றால், "அதான்." கூடவே ஒரு சிரிப்பு. எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. லைன் லீடர் என்ற கர்வம் என்று நினைத்தேன்.

மற்றவர்கள் அப்படி நினைக்கவில்லை. ஓசூரில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாமல் போவது ஓர் அதிசயமே இல்லை. அக்கா வீட்டில் தெலுங்கு. அதனால் தமிழ் பேசுகிறவர்கள், பாவம் தமிழ் சரியாகப் பிடிபடவில்லை என்று விட்டுவிட்டார்கள். தெலுங்கு பேசுகிறவர்கள், இவர் கர்நாடக எல்லையில் பிறந்தவர், பேச்சு கன்னடம் கலந்தது என்றார்கள். கன்னடக்காரர்கள் அவரைத் தமிழச்சி என்றே நினைத்திருந்தார்கள். மூன்று மொழிக்கு நடுவில் அக்கா பத்திரமாக உட்கார்ந்திருந்தார்.

முதன்முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு டீக்கடையில். கெலமங்கலம் போகும் வழியில், மேடு மண் ரோட்டைத் தொடுகிற இடத்தில் ஒரு பெரியவர் கடை வைத்திருந்தார். எப்போதும் அவருடைய மனைவி போண்டா போடுவார். சில வாரங்கள் கழித்து நாங்கள் போனபோது பெரியவர் தனியாக அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா, "என்னாங்க, இன்னிக்கி போண்டா இல்லியா?" என்றார்.

பெரியவர் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "அவ போயிட்டாம்மா. போன அமாவாசைக்கி. நெஞ்சு வலின்னு சொன்னா, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி" என்றார்.

"அதான்" என்றார் அக்கா, வழக்கமான சிரிப்போடு. "சரி, டீ குடுங்க."

பெரியவர் டீயை வைத்துவிட்டு உள்ளே போனார். அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, என்னவென்று தெரியவில்லை. கண்ணில் அப்படி ஒரு கலவரம். கர்வம் பிடித்தவர்களுக்கு அந்தப் பார்வை வராது.

அதற்குப் பிறகு நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். பேசுகிறவர்களின் வாயையேதான் பார்ப்பார். பின்னால் மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்தால், வண்டி வலது பக்கம் வந்தாலும் வலது பக்கமே ஒதுங்குவார். ஒருமுறை பால்கேன் கட்டிய வண்டி அவர் முழங்கையை உரசிக்கொண்டு போனது. "பார்த்து ஓட்டுங்கக்கா" என்று கத்தினேன். அவர் கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

ராயக்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஓர் இடத்தில் பழைய மேடு இறங்கி வந்து இன்றைய ரயில் பாதையைத் தொடும். கேட் கிடையாது. ஆடு மாடு ஓட்டிப் போகிற ஒரு தடம் மட்டும் தண்டவாளத்தின் குறுக்கே போகும். இரண்டு பக்கமும் பாறை வெட்டு, இரண்டு பக்கமும் வளைவு. ரயில் வருவதைக் கண்ணால் பார்க்கும்போது அது பக்கத்தில் வந்திருக்கும். அங்கே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டுவோம். காதுதான் அங்கே கண்.

மழை விட்ட ஒரு காலையில் அக்காவும் நானும் மட்டும் முன்னால் வந்துவிட்டோம். மற்றவர்கள் பின்னால் எங்கேயோ இருந்தார்கள். அக்கா தண்டவாளத்துக்கு முன் நின்று சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்தார். அப்போது ஹாரன் கேட்டது. அவருக்கும் கேட்டது. தலையைச் சாய்த்தார், இடது பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பாறை மட்டும் ஈரமாக மின்னியது. ரயில் தூரத்தில் இருக்கிறது என்று முடிவு செய்து, என்னையும் வரச்சொல்லிக் கையைக் காட்டிவிட்டு ஜல்லி மேல் ஏறினார்.

எனக்குச் சத்தம் வந்தது வலது பக்கமிருந்து.

"அக்கா" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் திரும்பியது என் சத்தத்துக்காக இல்லை, நான் வருகிறேனா என்று பார்க்கத்தான். என் முகத்தைப் பார்த்தார். என் கண் வலது பக்கம் நிலைகுத்தி நிற்பதைப் பார்த்தார். பின்பக்கமாக ஒரே எட்டு எடுத்து வைத்து, சைக்கிளோடு ஜல்லியில் சரிந்து விழுந்தார். அடுத்த கணம் ரயில் எங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதன் காற்று என் ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளியது.

ரயில் போன பிறகு நானும் அவர் பக்கத்தில் ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"உங்களுக்கு எந்தப் பக்கம்க்கா கேட்டுச்சு?" என்றேன்.

"எடது பக்கம்."

"வலது பக்கத்துல இருந்துல்ல வந்துச்சு?"

அவர் கையில் சிராய்த்த இடத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு எல்லாமே எடது பக்கம்தான் வரும்" என்றார்.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வலது காது சுத்தமாகப் போய்விட்டதாம். பல வருஷமாயிற்று. இடது காதும் பிரஸ் சத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வருகிறது. ஒரு காது மட்டும் கேட்டால் சத்தம் வருவது தெரியும், எங்கிருந்து என்பது தெரியாது. தொழிற்சாலையில் வருஷா வருஷம் காதுப் பரிசோதனை நடக்கும். எப்படித் தப்பித்தீர்கள் என்று கேட்டேன்.

"கண்ணாடிக்கு அந்தாண்ட ஒரு பொண்ணு உக்காந்து பட்டன் அமுக்குவா. அமுக்கும்போது தோளு லேசா ஏறும். அதைப் பாத்து நான் கையைத் தூக்கிடுவேன்."

"வீட்ல அவருக்காவது தெரியுமா?"

"தெரியாது. கூப்ட்டா திரும்ப மாட்டேங்கிறா, திமிரு புடிச்சவன்னு நெனச்சிக்கினு இருக்காரு. அதுவே நல்லது."

"இதுல என்னக்கா நல்லது?"

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் போச்சி. மொதல்ல எல்லாரும் சத்தமா பேசுனாங்க. அப்பறம் ரெண்டு வார்த்தைல பேசுனாங்க. அப்பறம் பேசறதையே விட்டுட்டாங்க. கையைக் காட்டுவாங்க, தட்டு வெப்பாங்க. அவ்ளோதான். சாவறதுக்கு முன்னாடி எங்கம்மா செவுத்துகிட்ட பேசினு இருந்துச்சி." பிறகு என் கையைப் பிடித்து, "யாருகிட்டயும் சொல்லாத" என்றார்.

சொல்லமாட்டேன் என்றேன். வேறென்ன சொல்ல முடியும் என்று அப்போது தெரியவில்லை.

டீக்கடைப் பெரியவர் அன்று என்ன சொன்னார் என்பதையும் அங்கேயே சொன்னேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த ஞாயிறு குழுவில் யாருக்கும் சொல்லாமல் என்னை மட்டும் அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார். பெரியவர் முன்னால் நின்று, "அன்னிக்கி நீங்க சொன்னது என் காதுல வுழலீங்க. வுழுந்திருந்தா சிரிச்சிருக்க மாட்டேன்" என்றார்.

பெரியவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "இவ்ளோ நாளு அதையேதாம்மா நெனச்சினு இருந்தேன். இப்படியும் ஒரு பொம்பள இருக்குமான்னு" என்றார். அதோடு முடிந்தது. டீயில் சர்க்கரை கூடுதலாகப் போட்டிருந்தார்.

அதன் பிறகு எனக்கு நிம்மதியான ஞாயிறு என்று ஒன்று இல்லை. சனிக்கிழமை மதியமே மறுநாளைப் பற்றிய கவலை தொடங்கிவிடும். சைக்கிளில் ஏறியதும் அக்கா, "எடது பக்கமா வா" என்பார். அவருடைய நல்ல காதுப் பக்கம் நான் ஓட்ட வேண்டும். மேட்டில் தடம் குறுகும் இடங்களில் இரண்டு சைக்கிள் சேர்ந்து போக முடியாது. அங்கே நான் பின்னால் வருவேன். அந்த இடங்களில் எல்லாம் என் காது எனக்காகக் கேட்கவில்லை. நாய் குரைப்பா, டிராக்டரா, பாறைக் குவாரியில் வெடி வைக்கப்போகிற சங்கா என்று இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டே வருவேன். ஒரு தடவை ஜவளகிரிப் பக்கம் காட்டோரமாகப் போகலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. யானை நடமாட்டம் உள்ள இடம். எனக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி, அக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். எனக்கு யானையைவிட அந்தச் சிரிப்பும் "அதான்"னும்தான் பயம். காட்டுக்காவலர் ஏதாவது கத்துவார், இவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

"நீங்களே சொல்லிடுங்கக்கா, என்னால தாங்க முடியல" என்று பல தடவை கெஞ்சினேன்.

"பாக்கலாம்" என்பார். "நீதான் கூட வர்றியே."

நான் கூட வருவதுதான் அவருக்குத் துணிச்சல் என்று தெரிந்த பிறகு, வராமல் இருக்கவும் பயம், வரவும் பயம்.

குழுவை நடத்தியது ஓர் இன்ஜினியர். அக்காவைவிட வயதில் சின்னவர், அக்கா அவரைத் தம்பி என்பார். அவர் ஒரு ஞாயிறு எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் சிலரைப் புதிதாக அழைத்து வந்தார். எல்லாரும் வேறு மாவட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி அசெம்பிளி லைனில் நிற்கிற பெண்கள். ஒருத்தி பள்ளிக்கூடத்துக்குப் பிறகு சைக்கிளே தொட்டதில்லை. தம்பி என்னைக் கடைசியில் வரச்சொன்னார், பின்தங்குகிறவர்களைக் கூட்டி வருவதற்கு. தனக்கு முட்டி வலி, ரோட்டு வழியாகக் காரில் வந்து ராயக்கோட்டையில் சேர்ந்துகொள்வதாகச் சொன்னார்.

"அக்கா, நீங்க முன்னாடி போங்க. உங்களைத்தான் எல்லாரும் பாத்துட்டு வருவாங்க. கிராஸிங்ல நீங்க சொன்னாத்தான் தாண்டணும், சரியா?"

"அதான்" என்றார் அக்கா.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எல்லார் முன்னாலும் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் கிளம்பிவிட்டார், அந்தப் பெண்களும் சிரித்துப் பேசிக்கொண்டு அவர் பின்னால் போய்விட்டார்கள்.

கல்பாலம் தாண்டியதும் என் முன்னால் போன பெண்ணுக்குச் செயின் கழன்றுவிட்டது. புதுப் பழக்கம், பதற்றத்தில் பெடலை மிதித்து அதை இன்னும் இறுக்கிவிட்டாள். குனிந்து செயினை எடுத்தேன். கிரீஸ் கையில் வழுக்கியது. முன்னால் போனவர்களின் பேச்சு மெல்ல மெல்லத் தேய்ந்து, வளைவுக்கு அப்பால் நின்றே போனது. போனை எடுத்தால் சிக்னல் இல்லை. அக்காவைப் போனில் கூப்பிட்டுத்தான் என்ன, சைக்கிளில் அவருக்கு மணி கேட்காது.

அப்போதுதான் தூரத்தில் ஹாரன். எந்தப் பக்கம் என்று எனக்கே சொல்ல முடியவில்லை. குன்றுகள் அதை வாங்கி ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டிருந்தன.

"நீ இங்கயே நில்லு" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு மிதித்தேன். ஜல்லி சக்கரத்துக்கடியில் நழுவியது. அவரை முன்னால் விட்டு எத்தனை பேர் பின்னால் போயிருக்கிறார்கள், அவர் கையைக் காட்டினால் யார் யார் ஏறுவார்கள் என்றுதான் மனம் ஓடியது. பாறை வெட்டுக்குள் நுழையும்போது மறுபடியும் ஹாரன், இப்போது மிக அருகில். ரயில் கடக்கும் இரைச்சல் வந்தது. நான் மிதிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் போய்ச் சேரவும் பிடிக்கவில்லை.

வளைவு திரும்பியது. தண்டவாளத்துக்கு வெகு முன்னாலேயே சைக்கிள்கள் தரையில் கிடந்தன. பெண்கள் ஓரமாகப் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒவ்வொரு தலையாக எண்ணினேன். சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி வளைவில் மறைந்துகொண்டிருந்தது. அக்கா நின்றிருந்தார். அவர் பக்கத்தில் அந்தப் பெண்களில் சின்னவள் ஒருத்தி, கண்ணை இடுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப எதுனா கேக்குதா?" என்றார் அக்கா.

"இல்லக்கா. ரெண்டு பக்கமும் இல்ல."

"நல்லா கேட்டுச் சொல்லு. என்னை நம்பாத."

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"சொல்லிட்டேன்" என்றார். "இதுங்க எல்லாம் என் முதுகைப் பாத்துக்கினே வருதுங்க. திரும்பிப் பாத்தா, ஒண்ணு என்னைப் பாத்து சிரிக்குது. என் உசுருன்னா பரவால்ல. எனக்கு ரயிலு எந்தப் பக்கம்னு தெரியாது, எறங்குங்கன்னுட்டேன்."

புல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். புதுப் பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

பிறகு நடந்ததெல்லாம் நல்லதாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. அந்த வாரமே அக்கா தொழிற்சாலை டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னார். பிரஸ் ஷாப்பிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள். லைன் லீடர் பொறுப்பு போயிற்று. சிலர் அவர் பயந்தபடியே குழந்தையிடம் பேசுகிற மாதிரி கத்திப் பேசினார்கள். ஒரு சூப்பர்வைசர் வேலையைக் கையால் சைகை காட்டிச் சொன்னபோது, "வாயைத் தொறந்து பேசுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றாராம். இடது காதுக்குக் கருவி வாங்கினார். சைக்கிளில் போகும்போது அதில் காற்று மட்டும்தான் கேட்கிறது என்று கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார்.

நான் அஞ்சியது அவருடைய கணவரை. குவாரியில் லாரி ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். விஷயம் தெரிந்த அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாராம். மறுநாள், "சைக்கிளை வித்துடலாம்" என்றாராம். அக்கா முடியாது என்றிருக்கிறார். அதன் பிறகு கணவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பதிலுக்கு ஒன்று செய்தார். ஞாயிற்றுக்கிழமை தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு எங்களோடு வர ஆரம்பித்தார். மேட்டில் மொபெட் ஓடாத இடங்களில் பக்கத்து மண் ரோட்டில் இணையாக வருவார். தோட்டங்களுக்கு நடுவே தெரிவார், மறைவார், ஒவ்வொரு வளைவிலும் காரணமே இல்லாமல் ஹாரன் அடிப்பார். அவருக்கு என்னைவிடப் பயம் அதிகம் என்பதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர்கள் சாமல்பட்டிப் பக்கம் கணவருடைய ஊருக்கே போய்விட்டார்கள். போவதற்கு முன் கடைசியாகச் சேர்ந்து ஓட்டிய அன்று, கிராஸிங்கில் எங்களுக்கு முன்பாகவே கணவர் மொபெட்டை நிறுத்தியிருந்தார். தண்டவாளத்தின் நடுவே நின்று இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார், காது கொடுத்துக் கேட்டார். இறங்கி வந்து, "ஒண்ணும் இல்ல. வா" என்று அக்காவுக்குக் கையைக் காட்டினார்.

அக்கா சைக்கிளைத் தூக்கவில்லை. நடந்து போய் ஜல்லி மேட்டில் ஏறி நின்று, வலது பக்கம் நெடுநேரம் பார்த்தார். இடது பக்கம் நெடுநேரம் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.

"அதான் நான் பாத்துட்டேன்ல?" என்றார் கணவர், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

அக்கா அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "நீங்க பாத்தது சரிதான்" என்றார். "நானும் ஒரு வாட்டி பாத்துக்கறேன்."

அப்புறம் கீழே இறங்கி வந்து சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கினார். கணவர் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் தாண்டி முடிக்கும் வரை நான் மூச்சு விடவில்லை.